மதில் கன்னிக்கு எடுத்த சேலை

சுக்கு நசுக்கும் சத்தம் வாசலுக்குக் கேட்கக் கூடாது என்று உலகம்மாள் உரலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள், இன்றைக்கு அது போதாது போலிருந்தது, உலக்கை இறங்குகிற ஒவ்வொரு தடவையும் மச்சில் கிடக்கிற கொழுந்தன் பிள்ளைக்குக் கேட்குமே, என்னவோ ஏதோ என்று பயப்படுமே என்று கை தயங்கியது. வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமாக வருகிறவர்கள்தான். பூட்ஸ் காலும் செருப்புக் காலும் கலந்து தெருவில் தேய்கிற சத்தம், மைக்கை விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம், அப்புறம் ஜெபராஜின் குரல். கோட்டை ஊரின் பழைய கொலைகளையும் பேய்க்கதைகளையும் இடம் இடமாகக் கூட்டிப் போய்ச் சொல்வது அவனுக்குத் தொழில், 'இருட்டு நடை' என்று பேர் வைத்திருக்கிறானாம், நடப்பதென்னவோ நல்ல வெயிலில். கள்ளனின் தலையைக் குத்தி வைத்த மேற்கு வாசலில் ஆரம்பித்து, பாயசத்தில் விஷம் வைத்து யாத்திரைக்காரர்களைக் கொன்ற சத்திரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருவார்கள், இங்கிருந்து தூக்குப் புளியமரம், அங்கே வேன் நிற்கும். ஒரு நாளும் கூடப் போனதில்லை என்றாலும் உலகம்மாளுக்கு எல்லாம் மனப்பாடம், அவன் குரல் அப்படி, சுவர் தாண்டி வரும். இந்த ஊரில் எங்கே கடப்பாரை போட்டாலும் ஒரு எலும்பு கிடைக்கும் என்பான், எல்லாரும் சிரிப்பார்கள். இப்போதும் சிரித்தார்கள். அவள் உலக்கையை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். சிரிப்பு அடங்கினால் கொழுந்தன் ஆவுடையப்பன் கன்னி கோவில் நடையைத் திறப்பான். திறந்துவிட்டால் சாத்துகிற வரைக்கும், சூடம் தானாக அணைகிற வரைக்கும், திறந்தவன் படியை விட்டு இறங்கக் கூடாது. மாமனார் போட்ட சட்டம் அது. அந்தச் சட்டத்தை ராத்திரி முழுக்க அவள் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கிழிசல் எங்கே என்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

சேலை அலமாரியில் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஆவுடையப்பன் பழுப்புக் காகிதப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, மதினி, இது கன்னிப் பெட்டிக்கு, அலமாரியில் வையுங்க, வெள்ளிக்கிழமைக்கு முந்தி மஞ்சள் முக்கணும், என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டான். குரலில் ஒன்றுமில்லை. அரிசி வாங்கி வந்து வைக்கிற குரல். கன்னிக்குக் கொடைவிழா ஆடியில், சேலை எடுப்பது ஆடியில், நாலு முனையையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி, கன்னிக்கென்று வீட்டுக்குள் இருக்கிற பெட்டியில் வைப்பது ஆடியில், இப்போது ஐப்பசி, வெளியே இரண்டு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ஐப்பசியில் கன்னிக்கு எதற்குச் சேலை. அவள் அதைக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே இல்லை. மாம்பழக் கலர், அரக்கு பார்டர். அவன் போன பிறகு காகிதத்தின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பழைய வாசனை, புதுப் பட்டின் கஞ்சி வாசனை, அதோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சின்ன ஆசை, எனக்குத்தானோ என்கிற ஆசை. தாலி அறுத்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது உள்ளே உயிரோடு கிடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. ஏனென்றால் இதே கலர், இதே பார்டர், இதே பழுப்புக் காகிதம், இதே ஐப்பசி.

அப்போது அவள் புதுப்பெண். ஆனியில் கல்யாணம், ஐப்பசியில் தலைதீபாவளி. மாமியார் கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்து அதை அலமாரியில் வைத்ததை அடுப்படியிலிருந்து பார்த்தாள். தலைதீபாவளிக்கு அம்மை வீட்டுக்குப் போகிற மருமகளுக்குத்தானே சேலை எடுப்பார்கள். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள், தண்ணீர் எடுக்கும்போது, பாத்திரம் விளக்கும்போது, அந்தக் கலருக்கு என்ன ரவிக்கை பொருந்தும் என்று. பிறகு பொறுக்க முடியாமல் நாத்தனார் பிரமுவிடம் சொன்னாள். பிரமநாயகி, பிரமு, ஆற்று வண்டல் மாதிரி நிறம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. மாமியார் கோவிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து பிரமு சேலையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, உலகம்மாள் தோளில் போட்டு, தள்ளி நின்று பார்த்தாள். "மதினி, ஒனக்குன்னே நெய்ஞ்சிருக்கான். நான் போட்டா மாம்பழத்துல ஈ உக்காந்த மாதிரி இருக்கும்." அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது, எத்தனையோ முகம் மறந்துபோயிற்று, அது மட்டும் போகவில்லை, மாம்பழத்துல ஈ. மறுபடி மடிப்பு மாறாமல் மடித்து வைத்தவளும் அவள்தான், பிரமுதான், தன் கையால், தனக்கு எடுத்த சேலையை. உலகம்மாளின் நினைப்பு எப்போதும் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும், முள்ளில் முந்தானை மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது. பிரமுவுக்கு அச்சாபீஸில் வேலை பார்க்கிற ஒருவனோடு பழக்கம் என்று வீட்டுக்குத் தெரிந்துபோயிருந்தது. அதுவும் புதுப்பெண்ணுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், மதில் ஓரம் அடுக்கியிருந்த விறகை மழைக்கு முன்னால் எடுத்து வா என்று மாமியார் பிரமுவை அனுப்பினாள். சின்னவன் ஆவுடையப்பனுக்குச் சினிமாவுக்குக் காசு கொடுத்தார்கள், அவன் துள்ளிக்கொண்டு ஓடினான். மாமனாரும் அவள் புருஷன் சங்கரலிங்கமும் வீட்டில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே கோட்டை மதில் இடிந்து விழுகிற சத்தம் கேட்டது.

"கேட்டீங்களா இந்தச் சுவர்," என்று வெளியே ஜெபராஜ் ஆரம்பித்துவிட்டான், உள்ளங்கையால் மதிலைத் தட்டுகிறான், அந்தச் சத்தம் அடுப்படிச் சுவரில் ஏறி அவள் முதுகுக்கு வருகிறது. கோட்டை மதிலில் மிச்சம் இருப்பது இந்த ஒரு துண்டுதான், வீட்டை ஒட்டி நிற்கிறது, அதன் வயிற்றில்தான் மதில் கன்னியின் மாடம். ராஜா கட்டக் கட்ட மதில் சரிந்துகொண்டே இருந்ததாம், கன்னிப்பெண் காவு கேட்டதாம், யாரும் பிள்ளையைத் தரமாட்டேன் என்றபோது தலைமைக் கொத்தனாரின் மகள் பிரமநாயகி, மாம்பழக் கலர் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, நான் நிற்கிறேன் கட்டுங்கள் என்று தானாகவே வந்து நின்றாளாம். தானாகவே என்கிற இடத்தில் குரலைத் தாழ்த்துவான், எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். இந்தக் கதையை முதலில் சொன்னது மாமனார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் மதில் காவு வாங்கிவிட்டது என்று சொன்னார், அடுத்த வருஷம் அதோடு ஒரு ராஜா சேர்ந்தான், பிறகு கொத்தனார் சேர்ந்தான். சொல்லச் சொல்ல இந்த வீட்டுப் பெண் மெதுமெதுவாகப் பின்னுக்குப் போய்ப் போய் ராஜா காலத்துப் பெண்ணாகிவிட்டாள். அச்சாபீஸ்காரன் ஊரை விட்டுப் போனான், பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், இப்போது கேட்டால் பக்கத்துத் தெருக்காரர்களே ராஜா கதையைத்தான் சொல்கிறார்கள். பிரமுவின் உடம்பைக் குளிப்பாட்டியது உலகம்மாள். அது எந்தக் கதையிலும் இல்லை. மதில் விழுந்து செத்தவளின் தலைமுடியை அவிழ்த்துச் சீயக்காய் போட்டபோது ஒரு துளி செங்கல்பொடி இல்லை, ஒரு காரைக்கட்டி இல்லை, தண்ணீர் தெளிந்து ஓடியது. கழுத்தில் இருந்த தடத்தை மாமியார் மஞ்சளை அள்ளிப் பூசி மூடினாள். அப்புறம் அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்தாள். அந்த நேரத்தில், அந்த நிலையில், உலகம்மாளுக்கு ஒரு கணம் கோபம் வந்தது, என் சேலை என்று. எவ்வளவோ ராத்திரி கழித்துத்தான், கர்ப்பம் தங்காமல் படுத்துக் கிடந்த ஒரு மழைநாளில்தான், அது தலைக்குள் நேராக நின்றது. சேலை முதலில் வந்தது. சாவு பிறகு வந்தது. சேலை தயாராக இல்லாமல் மூச்சுப் போனால் அவள் கன்னித் தெய்வமாக இந்த வீட்டுக்குள் அடங்கமாட்டாள், பேயாக அலைந்து பழி வாங்குவாள் என்று பயந்து, முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

சங்கரலிங்கம் அதற்கப்புறம் கையால் சோறு பிசையவில்லை. பழைய சோற்றையும் ஸ்பூனால் தின்றார். துரைமாரு வந்துட்டாரு, இலையில வெட்டிச் சாப்பிடக் கத்தியும் கொண்டாங்க என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேலி பேசுவார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். சாகிற வரைக்கும் அவள்தான் அந்த ஸ்பூனைக் கழுவினாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்ன செஞ்சீங்க என்று கேட்டிருக்கலாம், ஸ்பூனே பதில் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள். ஆவுடையப்பனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சினிமாவுக்குப் போன பிள்ளைக்கு. மாமியார் கடைசியில் படுக்கையில் கிடந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் கஞ்சியோடு போனால் நிறுத்திவிடுவாள். ஒரு வீட்டில் நகையும் ஊறுகாய்ச் செய்முறையும் கைமாறுகிற மாதிரி இதுவும் கைமாறியிருக்கிறது.

பானக்காரத்தைக் கலக்கினாள். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. நடையாட்களுக்கு இந்த வீட்டிலிருந்து பானக்காரம் போகும், ஆவுடையப்பனுக்கு அதில் பெருமை, கன்னி பிறந்த குடும்பம், தெய்வ வம்சம் என்று ஜெபராஜ் அறிமுகப்படுத்தும்போது அவன் மீசையைத் தடவிக்கொள்வான், சென்னைக்காரிகள் அவன் கையால் திருநீறு வாங்கி அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பானக்காரத்தை எடுத்துப் போவது எப்போதும் அவன் மனைவி வடிவு. தாலி அறுத்தவள் கன்னி முகத்தில் விழிக்கக் கூடாது என்பதால் உலகம்மாள் வாசல் தாண்டுவதில்லை. வடிவு இப்போது அடுப்படி மூலையில் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், துருவவில்லை, கண் வீங்கியிருக்கிறது. அவளுக்குத் தெரியுமா. மகளைக் கண்டிப்பதற்காக மச்சில் வைத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை தன் அண்ணன்மார் கார் கொண்டுவருவார்கள், தேரிக்காட்டுக் கோவிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டிவருவார்கள், இவ்வளவுதான் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். பிள்ளை அபிநயா செய்தது என்ன, பல் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்வேன் என்று அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னாள். செல்போனைப் பிடுங்கி, மச்சுக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டார்கள். அந்தத் தாழ்ப்பாளை நேற்று வரைக்கும் சாப்பாட்டுக்குத் திறந்து, திரும்பி வரும்போது போட்டவள் உலகம்மாள்தான். இரும்பு தன் கையில் பழகிவிட்டதை நினைத்துக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பூட்டு இல்லை. சாவி இல்லை. ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான், அவள் திறக்கமாட்டாள் என்று அவர்களுக்கு அவ்வளவு உறுதி.

வெளியே மணி அடித்தது. நடை திறந்துவிட்டான்.

வடிவு என்று கூப்பிட்டாள். வடிவு நிமிர்ந்தாள். உலகம்மாள் அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. வடிவு சேலையைப் பார்த்தாள், நாள்காட்டியைப் பார்த்தாள், ஐப்பசியில் யாருக்கு என்று உதடு கேட்டது. உலகம்மாள் சொன்னாள்: "பிரமுக்கும் இதே மாதிரி முந்தியே எடுத்தாவ." சொல்லிவிட்டாள். எத்தனை மழைக்காலம் வாய்க்குள் கிடந்தது, வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக இருக்கிறது. வடிவின் முகம் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. இப்போது இவள் கத்தினால் எல்லாம் முடிந்தது, இவளுக்குப் புருஷன் மேல் பயம் அதிகம், இவள் அண்ணன்மார் மேல் அதைவிட அதிகம், கத்துவாளா, கத்திவிடுவாளா. வடிவு எழுந்தாள். சேலையைப் பெரியவள் கையில் கொடுத்தாள். தேங்காயைத் துருவாமலே துண்டாக மிக்ஸியில் போட்டு அமுக்கினாள், வீடு முழுக்க அந்த இரைச்சல் நிரம்பியது, அதை நிறுத்தாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மச்சுப் படி செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலிக்கும். பாதிப் படியில், எங்கே கொண்டுபோகிறோம் இந்தப் பிள்ளையை, வாசலில் அப்பன் நிற்கிறான், அவன் முன்னாலேயே கொண்டுபோய் விடுகிறோம் என்று கால் நின்றது. அவன் முன்னால்தான் விட வேண்டும். ஆள் இல்லாத இடத்தில்தான் இவர்கள் எதையும் செய்வார்கள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். அபிநயா சுவரோரம் குந்தியிருந்தாள், தலை கலைந்து, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு. முகம் கழுவு, தலையை ஒதுக்கு என்றாள் உலகம்மாள். எதுக்குப் பெரிம்மா என்று பிள்ளை பயந்தாள். இந்த வீட்டில் யாராவது முகம் கழுவச் சொன்னால் பயப்பட வேண்டியதாகிவிட்டது. உலகம்மாள் தன் ஈரக்கையாலேயே அவள் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், கழுத்து இளஞ்சூடாக இருந்தது, நரம்பு துடித்தது, அந்த இடத்தில் கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. "பானக்காரச் செம்பைக் கொண்டுட்டு வெளிய போ. எல்லாருக்கும் ஊத்திக் குடு. அவங்க கெளம்பையில நீயும் நடுவுல நட. அப்பா கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே நட. வேன்ல ஏறு. அந்தப் பொம்பளைங்கள்ல சத்தமா பேசுதவ யாருன்னு பாரு, அவ கையைப் புடிச்சுக்க, விடாத." நீங்க என்று கேட்டாள் பிள்ளை. எனக்கு வேலை கிடக்கு என்றாள்.

அடுப்படி ஜன்னல் பலகையில் ஒரு கண் அளவுக்குச் சந்து உண்டு. வடிவு மிக்ஸியை நிறுத்தினாள், உலகம்மாள் சந்தில் முகத்தை வைத்தாள். தொப்பிகள், தோள்பைகள், நனைந்த தெரு, மாடத்தில் ஆவுடையப்பனின் வெற்று முதுகு. அந்த முதுகு திரும்பியது. செம்போடு மகள் வருவதைப் பார்த்தான். அவன் கையிலிருந்த சூடத்தட்டு ஆடியது, சுடர் ஆடியது, முகத்தில் ஒன்றும் ஆடவில்லை. ஐயாவோட பொண்ணா என்று ஜெபராஜ் சந்தோஷமாகக் கேட்டான், கன்னி வம்சத்துப் பொண்ணே பானகம் கொடுக்கிறாங்க என்று மைக்கில் சொன்னான், செல்போன்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அபிநயா ஊற்றினாள், ஒருத்தியின் பூட்ஸில் சிந்தியது, பரவாயில்லைம்மா என்று ஒரு தடித்த குரல், கண்ணாடி போட்ட கனத்த பெண், போன மாதம் வந்தவர்களிலும் இப்படி ஒருத்தி இருந்தாள், எல்லாக் கூட்டத்திலும் ஒருத்தி இருப்பாள். தானாகவே வந்து நின்னாளா, யாரு பார்த்தா, என்று அந்தப் பெண் ஜெபராஜைக் கேட்டுக்கொண்டிருந்தாள், எல்லாரும் சிரித்தார்கள், உலகம்மாள் சிரிக்கவில்லை, நெற்றியைப் பலகையில் அழுத்திக்கொண்டாள். அப்புறம் கூட்டம் நகர்ந்தது. "அபி, உள்ள போ," என்றான் ஆவுடையப்பன், மெதுவாக. பிள்ளை சிரித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று தெரிந்தது. "புளியமரம் வரைக்கும் போயிட்டு வாரேன்ப்பா." வாங்க வாங்க என்றான் ஜெபராஜ். ஆவுடையப்பனின் வலது கால் படி விளிம்புக்கு வந்தது. வந்து நின்றது. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. இறங்கிவிடுவான், இறங்கிவிடுவான், அப்பன் கட்டிய கதைதானே, இவனுக்குத் தெரியாதா. கால் விரல்கள் கல்லைப் பிடித்து மடங்கின. அவன் கதையை நம்புகிறான். பெற்ற மகளைக் கன்னியாக்கப் போகிறவன், முந்தின கன்னிக்குப் பயப்படுகிறான். குடைகள் விரிந்தன, மழை பிடித்துக்கொண்டது, கண்ணாடிப் பெண்ணின் குடைக்குள் பிள்ளையின் பச்சைத் தாவணி போவது தெரிந்தது, முனை திரும்பியது, தெரியவில்லை.

புளியமரத்துக்கு எவ்வளவு தூரம். அவள் போனதில்லை. அங்கே வேன் நிற்குமா, மழைக்கு ஒதுங்கி வேறெங்காவது நிற்குமா, அந்தப் பெண் கையை உதறிவிட்டு ஊருக்குப் போய்விடுவாளா, பிள்ளை வாய் திறந்து சொல்வாளா, ஆவுடையப்பன் பைக்கை எடுத்துக்கொண்டு போனால் பிடித்துவிடுவானா. சூடம் ஈரக்காற்றில் வேகமாக எரியும். அவன் நேராகப் பைக்குக்குப் போகக் கூடாது. முதலில் உள்ளே வர வேண்டும். உள்ளே வந்தால் கொஞ்சம் நிற்க வேண்டும். நிறுத்துவதற்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தாள், வடிவு திருப்பித் தந்த சேலை பக்கத்திலேயே இருந்தது. மஞ்சளைக் குழைத்தாள். நாலு முனையையும் முறைப்படி முக்கினாள். தன் வெள்ளைச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள், அவசரத்திலும் மடிப்புக் கோணாமல். பட்டு குளிர்ந்து கிடந்தது, கொசுவம் வைக்க விரல் மறந்திருந்தது, இரண்டு தரம் தப்பி மூன்றாவது தரம் நின்றது. கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கன்னிப் பெட்டிக்கு முன்னால், விளக்குக்கு நேராக, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். இது தாலி அறுத்தவள் உட்காரக் கூடாத இடம். வடிவு தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், கிட்டே வந்தாள், பெரியவளின் தோளில் முந்தானையைச் சரி செய்தாள், பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"மதினி!" என்று கூப்பிட்டுக்கொண்டே அவன் வந்தான், ஆணியில் தொங்கிய பைக் சாவிக்குக் கை நீண்டது, அப்படியே நின்றது. விளக்கு, விரிந்த நரைமுடி, மாம்பழப் பட்டு, மஞ்சள் சொட்டுகிற முந்தானை. சினிமாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஓடிய பிள்ளையின் முகம் அந்த மீசைக்குள்ளிருந்து ஒரு கணம் எட்டிப் பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. மழை ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஏதோ வண்டி கிளம்புகிற சத்தம், வேனாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அவன் நகராதபடி பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தாள், பேசப் பழகாதவள், வார்த்தை தேடினாள், இருந்தது ஒன்றுதான்.

"இந்தத் தடவையாவது இது எனக்குத்தான எடுத்தது, தம்பி?"